வில்லைப் பூச்சி கடிக்கவில்லை, அக்கா

என்னை முதுகில் சுமந்து ஓடை தாண்டிய என் அக்காவுக்கு,

நீ போய் நான்கு வருஷம் முடிந்துவிட்டது. இத்தனை நாளும் மனசுக்குள் உன்னோடு பேசிக்கொண்டுதான் இருக்கிறேன். காகிதத்தில் எழுதுவது இதுதான் முதல் தடவை. அதுவும் முகம் தெரியாதவர்கள் படிக்கிற பத்திரிகைக்கு எழுதுகிறேன். உனக்குச் சிரிப்பு வரும். கடையில் உப்பு கேட்பதற்கே உன் முந்தானைக்குப் பின்னால் ஒளிந்தவள் அல்லவா நான்?

நேரில் பேச எனக்கு இன்னும் வரவில்லை, எழுத வருகிறது. அதனால் உனக்குச் சொல்ல வேண்டியதையும் நம் ஊருக்குச் சொல்ல வேண்டியதையும் ஒரே கடிதமாக எழுதுகிறேன். இதில் ஒரு விஷயம் உனக்கே தெரியாது என்று நினைத்திருந்தேன். இப்போது அதிலும் எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

முதலில் நல்ல செய்தி. நான் விலங்கியலில் பட்டம் வாங்கிவிட்டேன். நம் வீட்டில் பள்ளிக்கூடம் தாண்டிய முதல் ஆள் நான்தான். உன் மகள் தேவகிக்கு ஐந்து வயது. நீ போனபோது உன் இடுப்பை விட்டு இறங்காத குழந்தை, இப்போது சாமைக் கொல்லையில் குருவி விரட்டுகிறாள். சிரிக்கும்போது மூக்கு சுருங்குகிறது, உன்னைப் போலவே.

மாமா மறுபடியும் கல்யாணம் செய்துகொண்டார். அதுவும் உனக்குத் தெரிய வேண்டும். அவள் பெயர் பச்சையம்மா. அமிர்திப் பக்கத்துப் பெண், என்னைவிட இரண்டு வயதுதான் பெரியவள். தேவகி அவளை "அம்மா" என்று கூப்பிடுகிறாள். அதை முதல் தடவை கேட்ட அன்று நான் எழுந்து வெளியே போய்விட்டேன். அதற்கப்புறம் ஒரு வருஷம் அவளோடு ஒரு வார்த்தை பேசவில்லை. அவள் சோறு போட்டால் சாப்பிடுவேன், தட்டைக் கழுவி வைப்பேன், போய்விடுவேன்.

நான் அவளிடம் முதன்முதலாகப் பேசியது ஒரு பூச்சிக்காக.

கடைசிப் பரீட்சை எழுதிவிட்டு ஊருக்கு வந்திருந்தேன். ஆடி மழை தொடங்கியிருந்தது. உன் வீட்டில் தானியம் கொட்டி வைக்கிற மூங்கில் தொம்பைக்குப் பின்னால், சுவரும் மூங்கிலும் சேருகிற இடுக்கில், உள்ளங்கை அகலத்துக்கு ஒரு சிலந்தி. நெஞ்சுக்கு அடியில் வெள்ளையாக, தட்டையாக, மாத்திரை மாதிரி ஒன்றை அணைத்துக்கொண்டிருந்தது. நம் ஊரில் வில்லைப் பூச்சி என்போமே, அதுதான். பச்சையம்மா துடைப்பத்தை ஓங்கிவிட்டாள்.

"அத அடிக்காதீங்க," என்றேன்.

அவள் திரும்பி, பூச்சியை விட்டுவிட்டு என்னைப் பார்த்தாள். "பேச வருதா உனக்கு? நான் ஊமைன்னு இல்ல நெனச்சிக்கினு இருந்தேன்."

"அது கரப்பான் தின்னும். நம்மள ஒண்ணும் பண்ணாது."

"வெச வில்லைய வாயில வெச்சிக்கினு கீது, ஒண்ணும் பண்ணாதாம்," என்று முணுமுணுத்தாள். ஆனாலும் துடைப்பத்தை இறக்கிவிட்டாள். "சரி, உன் தோழி இருந்துட்டுப் போகட்டும். என் பாய்க்கு வந்தா மட்டும் நான் கேக்க மாட்டேன்."

அன்றிலிருந்து தினமும் காலையில் நோட்டோடு போய்ப் பார்ப்பேன். அக்கா, அது விஷ வில்லை இல்லை. முட்டைப் பை. இந்தக் குடும்பத்துச் சிலந்திகள் வலை பின்னி இரைக்காகக் காத்திருப்பவை அல்ல, ஓடிப் பிடிக்கிற வேட்டைக்காரிகள். நண்டு மாதிரி கால்களைப் பக்கவாட்டில் விரித்து, உடம்பைத் தட்டையாக்கி, கத்தி நுழையாத இடுக்கிலும் நுழையும். இரண்டு வரிசையில் எட்டுக் கண்கள் இருந்தும், கால் மயிரில் படுகிற அதிர்வைத்தான் அதிகம் நம்பும். கரப்பான் பக்கத்தில் வரும்வரை அசையாது. பிறகு ஒரே பாய்ச்சல். எப்போது பாய்ந்தது என்று நம் கண்ணுக்குத் தெரியாது, பிடித்துவிட்டது என்பதுதான் தெரியும்.

நூலை அவள் முட்டைக்காக மட்டும் சேர்த்து வைக்கிறாள். அதை நெய்து, நூற்றுக்கணக்கான முட்டைகளை உள்ளே வைத்து மூடி, வாயாலும் முன் உறுப்புகளாலும் பிடித்து நெஞ்சோடு சேர்த்துச் சுமக்கிறாள். மூன்று நான்கு வாரம் ஏறக்குறையப் பட்டினி. நான் பார்த்த பதினேழு நாளில் அவள் எதையும் தின்னவில்லை. ஒருநாள் கரப்பான் ஒன்று அவள் காலை உரசிக்கொண்டு போனது. அவள் நகர்ந்து வழி விட்டாள். வயிறு வற்றி மடிந்துவிட்டது. வில்லை மட்டும் நெஞ்சை விட்டு நகரவில்லை.

இதையெல்லாம் நோட்டில் எழுதும்போது பாதியில் நிறுத்திவிடுவேன். ஏனென்று உனக்கு இப்போது சொல்லிவிடுகிறேன்.

நீ போன அன்று நான் உன் பக்கத்தில்தான் படுத்திருந்தேன். விடுமுறைக்கு வந்திருந்தேன். விடிகிற நேரத்தில் என்னை எழுப்பி, "வயித்த இன்னமோ பண்ணுதுடி," என்றாய். கொஞ்ச நேரத்தில், "கண்ணு தொறக்க வரல, தூக்கமாவும் இல்ல," என்றாய். மாமா விளக்கை ஏற்றினார். ஆட்கள் வந்தார்கள். எது கடித்தது, எது கடித்தது என்று எல்லோரும் கேட்டார்கள். உன் உடம்பில் எங்கேயும் காயம் இல்லை.

அப்போது சுவரில் ஒரு வில்லைப் பூச்சி இருந்ததை முதலில் காட்டியது நான்தான், அக்கா. "அதோ, அங்க பாருங்க," என்று விரல் நீட்டிச் சொன்னேன். நாலு ஆண்கள் இருக்கிற இடத்தில் நான் வாய் திறந்து பேசியது என் வாழ்க்கையிலேயே அதுதான் முதல் தடவை.

மீதியை நீயே ஊகித்துவிடுவாய். நம் ஊர்க் கட்டு ஒன்று இருக்கிறது அல்லவா? கடித்த பூச்சியைப் பிடித்து, வில்லையோடு கொளுத்தி, அந்தச் சாம்பலைப் பூசிய பிறகுதான் கடிபட்டவரை ஓடை தாண்டிக் கூட்டிப் போகலாம். அதற்கு முன் தாண்டினால் ஓடுகிற தண்ணீர் மாதிரி விஷமும் உடம்பெல்லாம் ஓடிவிடும் என்பார்கள். நான் விரல் நீட்டிய பூச்சி கூரைக்குள் ஓடிவிட்டது. கூரையைப் பிரித்துத் தேடினார்கள். உச்சி வேளைக்குத்தான் கிடைத்தது. சாம்பல் பூசும்போது நீ மூச்சு விடுவதை நிறுத்தியிருந்தாய்.

கல்லூரியில் இரண்டாம் வருஷம், விஷ உயிர்களைப் பற்றிய பாடத்தில் ஆசிரியர் சொன்னார். கட்டுவிரியன் கடித்தால் வலிக்காது, வீங்காது, காயமே தெரியாமல் போகலாம். தரையில் படுத்துத் தூங்குகிறவர்களைக் கடிக்கும். விடியும்போது வயிற்று வலி, பிறகு இமை விழும், பிறகு மூச்சு. நான் பேனாவை மூடிவிட்டேன். அன்றைய பாடத்துக்கு என் நோட்டில் அரைப் பக்கம்தான் இருக்கிறது.

வில்லையை வாயில் பிடித்திருக்கிற சிலந்தி எப்படிக் கடிக்கும்? அதை வைத்தால்தானே கடிக்க முடியும்? அந்தக் கேள்வி எனக்கு அன்றைக்கே தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை.

இப்போது இந்த ஆவணியில் நடந்ததற்கு வருகிறேன்.

அன்று காலை நோட்டை எடுத்துக்கொண்டு உன் வீட்டுக்குப் போனேன். சூரியன் மேலே வரவில்லை. வாசலில் தேவகி நின்றுகொண்டிருந்தாள். "சித்தி, அம்மா ஏந்திரிக்க மாட்டேங்குது," என்றாள்.

உள்ளே பச்சையம்மா கோரைப்பாயில் சுருண்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்க்கத் தலையைப் பின்னால் சாய்த்தாள். இமை தூக்க வராதவர்கள் அப்படித்தான் பார்ப்பார்கள். நீயும் அன்றைக்கு அப்படித்தான் பார்த்தாய்.

அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். மாமா ஏற்கெனவே ஊர்க்கவுண்டரைக் கூட்டி வந்திருந்தார். பின்னாலேயே ஆறேழு பேர். நம் அம்மாவும் ஓடி வந்தாள்.

ஊர்க்கவுண்டர் பச்சையம்மாவின் கன்னத்தைத் தட்டிப் பார்த்தார். "பூச்சிதான். பெரியவளுக்கு ஆன மாதிரியேதான் கீது. தேடுங்கடா."

"மாமா," என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. மறுபடி சொன்னேன். "மாமா, இது பூச்சி இல்ல. பாம்பு. கட்டுவிரியன். இப்பவே கீழ தூக்கிக்கினு போவணும்."

"பாம்பு கடிச்சா பல்லு பட்ட எடம் எங்கம்மே?" என்றார் ஊர்க்கவுண்டர்.

"தெரியாதுங்க. அந்தப் பாம்பு கடிச்சா எடம் தெரியாதுங்க."

"அப்பறம் உனக்கு மட்டும் எப்படித் தெரியும்?"

யாரோ சிரித்தார்கள். அம்மா என் கையைப் பிடித்து இழுத்தாள். "வாய மூடுடி. பெரியவங்க பேசறாங்க."

மாமா என்னையே பார்த்தார். அவர் கண்ணில் வேறு ஒன்று இருந்தது. "தொம்ப பின்னால ஒண்ண வெச்சிப் பாத்துக்கினு இருந்தியே," என்றார் மெதுவாக. "இவ அடிக்கப் போனா. நீதான வாணாம்ன?"

எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள். ஊர்க்கவுண்டர் நிதானமாகக் கேட்டார்: "வூட்டுக்குள்ள பூச்சி வளத்தியா நீ?"

அக்கா, அந்த நிமிஷம் எனக்கே சந்தேகம் வந்தது. நான் படித்தது தப்பாக இருந்தால்? ஒருவேளை ராத்திரி அது வில்லையை வைத்துவிட்டு இறங்கி வந்திருந்தால்? ஒருத்திக்கு விரல் நீட்டினேன், இன்னொருத்தி ஓங்கிய கையைத் தடுத்தேன். இரண்டு பேரையும் நான்தான் கொன்றேன் என்று ஆகிவிடுமா?

பச்சையம்மா எச்சில் விழுங்க முடியாமல் இருமினாள். அந்தச் சத்தம் என்னை எழுப்பியது. தொண்டைக்கு வந்துவிட்டது, அடுத்தது மூச்சு.

அன்று சந்தை நாள். ஓடைக்கு அந்தப் பக்கம் மலைப்பாதை முடிகிற இடத்தில் காதர் பாயின் ஜீப் நிற்கும். வாணியம்பாடித் தோல் மண்டிகளுக்கு அவர்தான் இங்கிருந்து கடுக்காய் ஏற்றிப் போகிறவர். வெயில் ஏறுவதற்குள் கிளம்பிவிடுவார். அதை விட்டால் மறுநாள் வரை வண்டி இல்லை. இவர்களோடு வாதாடி ஜெயிக்க எனக்கு வாய் இல்லை. அதற்கு நேரமும் இல்லை. பூச்சி கிடைக்காமல் இவர்கள் ஓடை தாண்டமாட்டார்கள்.

அது எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியும்.

அலுமினிய டம்ளரை எடுத்துக்கொண்டு தொம்பைக்குப் பின்னால் குனிந்தேன். பதினெட்டாவது நாள். அதே இடுக்கில், அதே மூங்கில் முடிச்சின் மேல், வில்லையோடு இருந்தாள். முந்தின நாள் சாயங்காலம் பென்சிலால் குறித்த இடத்திலிருந்து ஒரு விரல்கூட நகரவில்லை. என்னைப் பார்த்துப் பழகியவள் என்று சொல்லமாட்டேன், சிலந்திக்கு அப்படி எதுவும் கிடையாது. ஆனால் நான் பழகியிருந்தேன்.

டம்ளரை மேலே கவிழ்த்தேன். விளிம்பு முழுசாகப் பதியவில்லை. அடியில் விரலை விட்டு வில்லையைத் தள்ளி உள்ளே நகர்த்தப் பார்த்தேன். அவள் வில்லையைக் கீழே விட்டாள். விட்டுவிட்டு என் விரலைக் கடித்தாள்.

நெருப்புத் துண்டு பட்ட மாதிரி இருந்தது. கத்திவிட்டேன். ஆனாலும் டம்ளரை விடவில்லை, நோட்டு அட்டையை அடியில் செருகி மூடிவிட்டேன். வலது கை ஆள்காட்டி விரல். அன்றைக்கு உன் சுவரை நோக்கி நீட்டினேனே, அதே விரல். இரண்டு புள்ளியில் ரத்தம் துளிர்த்தது, சுற்றிலும் சிவந்து தடிக்க ஆரம்பித்தது.

இது போதும் என்று நினைத்தேன். இதைவிட என்ன சாட்சி வேண்டும்? விரலைத் தூக்கிக் காட்டினேன்.

"பாருங்க, என்னையும் கடிச்சிடுச்சி. பூச்சி கடிச்சா இப்பிடித்தான், எடம் தெரியும், வீங்கும், வலிக்கும். என் கண்ணப் பாருங்க, நல்லாத்தான தொறந்திருக்கு? அவங்க ஒடம்புல இப்பிடி ஒரு எடம் இருக்கா?"

ஊர்க்கவுண்டர் என் விரலைப் பார்த்தார். முகம் வெளுத்துவிட்டது. "அய்யய்யோ, ரெண்டு பேரா! இவளையும் வெளிய உடாதீங்கடா! கதவ மறிங்க!"

அம்மா தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். இரண்டு பேர் வாசலில் குறுக்கே நின்றார்கள். நான் காட்டிய சாட்சி என்னையே உள்ளே வைத்துப் பூட்டிவிட்டது. எனக்குச் சிரிப்பு வந்தது, அக்கா. அழுகையும் வந்தது. அதற்குள் தேவகி பச்சையம்மாவின் காலைக் கட்டிக்கொண்டு, "அம்மா, அம்மா," என்று கத்த ஆரம்பித்தாள். முதல் தடவையாக அந்த வார்த்தை எனக்குக் கசக்கவில்லை. இந்தக் குழந்தைக்கு இரண்டாவது அம்மாவும் போகக் கூடாது. எனக்கு அது ஒன்றுதான் தெரிந்தது.

டம்ளரை ஊர்க்கவுண்டர் முன்னால் நீட்டினேன்.

"இந்தாங்க. கொளுத்துங்க. எங்க ரெண்டு பேருக்கும் பூசுங்க. பூசினா தாண்டலாம் இல்ல?"

"தாண்டலாம்."

"சீக்கிரம் கொளுத்துங்க."

"வில்ல உள்ள கீதா?"

வில்லை என் இடது கைக்குள் இருந்தது. கடித்த வேகத்தில் கீழே விழுந்ததை எப்போது எடுத்தேன், எப்போது மூடினேன் என்று எனக்குத் தெரியாது. "உள்ளதான் கீதுங்க," என்றேன். பெரியவர்களிடம் நான் சொன்ன முதல் பொய்.

அடுப்புத் தணலில் டம்ளரைக் கவிழ்த்தார்கள். சிலந்தியின் காலில் முக்கியமான மூட்டுகளை நீட்டுகிற தசை கிடையாது, அக்கா. உடம்புக்குள் இருக்கிற ரத்தத்தை அழுத்தித்தான் காலை நீட்டுகிறது. உயிர் போனதும் அழுத்தம் போய்விடும், எட்டுக் காலும் உள்பக்கமாக மடங்கும். புத்தகத்தில் படித்து மார்க் வாங்கிய விஷயம். தணலில் அவள் கால்கள் ஒவ்வொன்றாக மடங்கியதைப் பார்த்தேன். பதினெட்டு நாள் பட்டினி கிடந்தவள். செய்யாத குற்றத்துக்கு எரிந்தாள், நான்தான் காட்டிக் கொடுத்தேன்.

சாம்பலைப் பச்சையம்மாவின் நெற்றியிலும் என் விரலிலும் பூசினார்கள். கம்பளியில் தூளி கட்டி மூங்கிலில் கோத்துத் தூக்கினார்கள். மாமா முன்னால், நான் பக்கத்தில். ஓடையில் முழங்கால் தண்ணீர். கரை வரைக்கும் வேகமாக வந்தவர்கள், தண்ணீரைப் பார்த்ததும் தயங்கி நின்றார்கள். சாம்பல் பூசியும் பயம் போகவில்லை.

நான் முதலில் இறங்கினேன். எனக்கும்தானே கடித்திருக்கிறது? நடு ஓடையில் நின்று திரும்பி, கையைத் தூக்கிக் காட்டினேன். பிறகுதான் அவர்கள் இறங்கினார்கள்.

காதர் பாய் வண்டியைக் கிளப்பிவிட்டிருந்தார். நாங்கள் கத்தியது கேட்டு நிறுத்தினார். தூளியை விலக்கி ஒரு பார்வை பார்த்தார். "இன்னாமா ஆச்சி?"

"பாம்பு கடிச்சிடுச்சி, பாய்."

"பூச்சி," என்றார் பின்னால் வந்த ஒருவர்.

"எதுவோ ஒண்ணு கடிச்சிது. இங்கயே நின்னு பஞ்சாயத்து பண்ணுவீங்களா?" என்று சொல்லிக்கொண்டே பாய் கடுக்காய் மூட்டைகளை ரோட்டில் தள்ளினார். "மூட்ட கெடக்கட்டும், நாளைக்கி வந்து எடுத்துக்கறேன். அந்தப் பொண்ண ஒருக்களிச்சிப் படுக்க வைங்க. வாயில தண்ணி கிண்ணி ஊத்தாதீங்க."

மலை இறங்கும்போது அவள் தலை என் மடியில் இருந்தது. ஒவ்வொரு மூச்சுக்கும் நடுவே இடைவெளி நீண்டுகொண்டே போனது. வளைவுகளை எண்ண ஆரம்பித்தேன், எண்ணிக்கை தவறிவிட்டது. மூச்சை எண்ணினேன். அது தவறினால்தான் எனக்குப் பயம்.

கீழே ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டரம்மா இருந்தார். இமையைத் தூக்கிப் பார்த்தார். "என்ன கடிச்சது? யாராவது பாத்தீங்களா?"

மாமா என்னைப் பார்த்தார். இந்தத் தடவை நான் முழுசாகச் சொன்னேன். விடிகாலை வயிற்று வலி, இமை விழுந்தது, எச்சில் விழுங்க முடியாதது, காயம் இல்லாதது, தரையில் பாய். அவர் நான் சொல்லி முடிக்கும்வரை குறுக்கே பேசவில்லை. "கட்டுவிரியன்தான்," என்றார். "ஊசி போடறேன். ஆனா ஊசி வேலை செய்யறதுக்குள்ள மூச்சு நின்னுடும். நாமதான் மூச்சு குடுக்கணும்."

தொண்டையில் குழாய் வைத்து, அதன் முனையில் ஒரு ரப்பர் பையை மாட்டினார். கையால் அமுக்கினால் அவள் நெஞ்சு உயரும், விட்டால் தாழும். ஆஸ்பத்திரி ஆள் ஒருவரால் எத்தனை நேரம் முடியும்? என்னிடம் கொடுத்தார். "நிறுத்தாத. பேசிக்கிட்டே அமுக்கு, கை மறந்து போகாது."

அமுக்கினேன், விட்டேன். நானும் மாமாவும் மாறி மாறி. காதர் பாயும் போகவில்லை, சட்டைக் கையை மடித்துவிட்டு உட்கார்ந்து அவர் பங்குக்கு அமுக்கினார். வீங்கிய விரலால் ஒவ்வொரு அமுக்கலுக்கும் எனக்கு உயிர் போனது. அந்த வலியும் நல்லதாகப் போயிற்று, என்னைத் தூங்கவிடவில்லை. ரப்பர் பையை அழுத்த அழுத்த, அந்தச் சிலந்தியின் கால்கள்தான் ஞாபகத்துக்கு வந்தன. அழுத்தம் இருக்கிற வரைக்கும்தான் உயிர். விட்டுவிட்டால் மடங்கிவிடும்.

டாக்டரம்மா சொன்னபடி பேசிக்கொண்டே இருந்தேன். பேச எனக்கு என்ன இருக்கிறது? உன்னைப் பற்றிச் சொன்னேன். அவள் கையால் சாப்பிட்டு ஒரு வருஷம் பேசாமல் இருந்ததற்கு மன்னிப்புக் கேட்டேன். நான் விரல் நீட்டிய கதையைச் சொன்னேன். யாரிடமும் சொல்லாததை, உயிர் பாதி போனவளிடம் சொன்னேன். அவள் கேட்கமாட்டாள் என்ற தைரியம்தான்.

இரண்டாம் நாள் மத்தியானம் அவள் கட்டைவிரல் அசைந்தது. பிறகு இமை. மூன்றாம் நாள் குழாயை எடுத்தார்கள். தொண்டை கம்மி இருந்தது. என்னைப் பக்கத்தில் கூப்பிட்டு அவள் சொன்ன முதல் வார்த்தை: "அப்பாடா, எவ்ளோ பேசற நீ."

எனக்குப் புரியவில்லை.

"எல்லாம் கேட்டுச்சி. கண்ணத் தொறக்கத்தான் முடியல, கைய ஆட்டத்தான் முடியல. வூட்ல கவுண்டர் பேசினது, பாப்பா அழுதது, நீ உங்க அக்காவப் பத்திச் சொன்னது, எல்லாம் கேட்டுச்சி." கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டாள். "நான் உசுரோட கீறேன், தூக்கிக்கினு ஓடுங்கன்னு உள்ளுக்குள்ள கத்தினேன். நீ ஒருத்திதான் கேட்ட மாதிரி இருந்திச்சி."

வெளியே போய்க் குழாயடியில் உட்கார்ந்துவிட்டேன். அப்படியென்றால் நீயும் கேட்டாயா, அக்கா? அன்றைக்கு நான் "அதோ" என்றது உன் காதில் விழுந்ததா? கூரையைப் பிரிக்கிற சத்தம் கேட்க, கேட்க, உச்சி வேளை வரைக்கும் உள்ளுக்குள் கத்திக்கொண்டே கிடந்தாயா?

இதற்குப் பதில் எழுதி அனுப்ப உனக்கு விலாசம் இல்லை. எனக்கும் கேட்கப் பயமாக இருக்கிறது.

ஊர் திரும்பியதும் என்ன நடந்தது தெரியுமா? "பாத்தியா, சரியான பூச்சியக் கொளுத்தினோம், பொழச்சிக்கினா," என்று ஊர்க்கவுண்டர் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். "போன வாட்டி கொளுத்தினது வேற பூச்சி. அதான் பெரியவ போய்ட்டா." பாம்பை யாரும் பார்க்கவில்லை. தொம்பைக்கு அடியில் எலி வளை ஒன்று இருந்தது, மாமா கல் போட்டு அடைத்தார். அவ்வளவுதான். நான் செய்தது அந்த ஊர்க் கட்டை இன்னும் இறுக்கிவிட்டது. அடுத்த தடவையும் பூச்சியைத்தான் தேடுவார்கள்.

வில்லையை ஆஸ்பத்திரியில் ஒரு காலித் தீப்பெட்டியில் போட்டு வைத்திருந்தேன். வீட்டுக்கு வந்து திறந்தேன். பையை மெலிதாக்கித் திறந்துவிடத் தாய் இல்லை. ஊசி முனையால் ஓரத்தைக் கொஞ்சம் கீறிவிட்டு, தொம்பைக்குப் பின்னால் அதே மூங்கில் முடிச்சின் மேல் வைத்தேன். மறுநாள் காலை பச்சையம்மாதான் முதலில் பார்த்தாள். கூப்பிட்டாள். வெளுத்துப்போன, கடுகை விடச் சின்னப் பூச்சிகள், ஒன்றன்மேல் ஒன்றாக, எட்டுக் காலையும் நீட்டி நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தன. தேவகி இருபது வரைக்கும் எண்ணினாள். அதற்கு மேல் அவளுக்குத் தெரியாது.

துடைப்பம் பச்சையம்மாவின் கையில்தான் இருந்தது. அதைச் சுவரில் சாத்தினாள்.

"வர்ற அமாவாச ஊர்க் கூட்டத்துல இத நீ சொல்லணும்," என்றாள்.

"எனக்குப் பேச வராதே."

"ஆஸ்பத்திரில பேசின இல்ல? நான் உன் பக்கத்துல நிக்கறேன். செத்துப் பொழச்சவள உக்காருன்னு எவன் சொல்றான்னு பாக்கறேன்."

நம் ஊர்க் கூட்டத்தில் பெண் எழுந்து பேசியது கிடையாது, உனக்குத் தெரியும். குரல் நடுங்கும். சிரிப்பார்கள். அம்மா கையைப் பிடித்து இழுப்பாள். குரல் வராமல் போனால் இந்தக் கடிதத்தையே படித்துவிடலாம் என்று எடுத்து வைத்திருக்கிறேன். விரல் நீட்டியதை மறைக்காமல் படிப்பேன். அது இல்லாமல் மீதியை அவர்கள் நம்பமாட்டார்கள்.

உனக்கு ஒரு வாக்குத் தருகிறேன், அக்கா. இனி நம் மலையில் யாருக்காவது விடியற்காலையில் இமை விழுந்தால், நான் சுவரைப் பார்க்கமாட்டேன். எந்தப் பூச்சியையும் எடுத்துக் கொடுக்கமாட்டேன். என் முதுகில் ஏற்றிக்கொண்டு ஓடையில் இறங்கிவிடுவேன். பள்ளிக்கூடத்துக்கு என்னை நீ அப்படித்தானே தாண்ட வைத்தாய்?

உன் முதுகில் ஏறிக் கரை சேர்ந்த தங்கச்சி,
வள்ளி